ஆறாம் டேபிள் அம்புகள்

ஆறாம் டேபிளில் நிற்கிறவளுக்கு உட்கார வேண்டும். அவ்வளவுதான் விஷயம். உட்கார ஒரு ஸ்டூல் போதாதா, இதற்கு எதற்கு நானூறு இங்கிலீஷ் வார்த்தைகளை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றலாம். சட்டை தைக்கிற கம்பெனியின் செக்கிங் பகுதியில் ஒரே ஒரு நாள் நின்று பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

தைத்து முடித்த சட்டைகள் அங்கேதான் வந்து குவியும். இடுப்பு உயரத்துக்கு மேஜை, தலைக்கு மேலே டியூப்லைட். காலர், பட்டன், பாக்கெட், கை, ஓரத் தையல் என்று விரல் ஓடும், விரலுக்குப் பின்னாலேயே கண் ஓடும். குறை இருக்கிற இடத்தில் சிவப்பாக ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்புக்குறி வடிவத்தில் இருப்பதால் அதற்கு அங்கே பெயரே அம்புதான். அம்பு ஒட்டிய சட்டை சரிசெய்யப் போகும், திரும்பி வரும், அம்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு இன்னொரு தடவை பார்த்து மடிக்க வேண்டும். மணிக்கு அறுபது சட்டை. உட்கார்ந்து பார்த்தால் வேலை ஓடாது என்று என்றைக்கோ எவனோ சொல்லிவிட்டுப் போனதால், அந்த நீளமான கூடத்தில் செக்கர்களுக்கு நாற்காலி கிடையாது. அவள் பதினான்கு வருஷமாக நிற்கிறாள்.

இடது கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டது. கணுக்கால் தோல் கறுத்து, மெல்லிசாகி, பளபளவென்று இருந்தது. டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

“இந்தத் தோல் ஒரு தடவ ஒடஞ்சுதுன்னா லேசுல ஆறாதும்மா. நிக்கிற வேலைய விட்ருங்க” என்றார் அவர். விட்டுவிட்டு எதைப் பிடிப்பது என்று சொல்லவில்லை. அதைச் சொல்வது அவர் வேலையும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் இடம் காலியானது. எந்தச் சட்டையில் என்ன குறை, எத்தனை சட்டை சரியானது, எத்தனை கழிவு என்று, சட்டைகளை வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதுகிற வேலை. எழுதிக்கொண்டிருந்த பெண் வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும் நின்றது. நீல மெத்தை, கை வைத்துக்கொள்ள இரண்டு பக்கமும் தாங்கி, கீழே சக்கரம். ஆறாம் டேபிளில் நின்றபடி தலையைத் தூக்கினால் நேராக அதுதான் கண்ணில் படும். செக்கர்களிலேயே எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு டெஸ்ட் வைத்து எடுப்பதாக அறிவித்தார்கள். மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். அவளும் ஒருத்தி.

டெஸ்டுக்கு என்று பதினொரு பக்க ஜெராக்ஸ் கொடுத்தார்கள். நானூறு வார்த்தை. முன்பாதி கம்பெனிக்கு வேண்டியது, ஒத்துக்கொள்ளலாம். பின்பாதியை எங்கிருந்தோ இறக்கிச் சேர்த்திருந்தார்கள். கர்வம் பிடித்தவன், கஞ்சன், வாயாடி, சாவைக் கண்டு பயப்படாதவன் என்று மனுஷ ஜாதியின் குணத்துக்கெல்லாம் ஒவ்வொரு வார்த்தை. சட்டையில் இதெல்லாம் எந்தத் தையலில் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. அவள் பள்ளிக்கூடம் முடித்தவள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிப்பாள், எழுதுவாள். பேசத்தான் நாக்கு எழும்பாது.

வீட்டில் மூன்று பேர். புருஷன் சரக்கு வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்க உட்கார்ந்தே அவருக்கு முதுகுத்தண்டு போய்விட்டது. அதனால் அவர் வீட்டுக்கு வந்தால் உட்காரமாட்டார். ஜன்னல் திட்டில் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிடுவார். அவளோ அடுப்பைத் தரையில் இறக்கி வைத்து, காலை நீட்டி உட்கார்ந்து சமைப்பாள். “நம்ம ரெண்டு பேர் ஒடம்பையும் மாத்திக்க ஒரு வழி இருந்தா நல்லாருக்கும்” என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது அவர் சொல்வார். மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். எதையும் திருத்தாமல் விடமாட்டாள் என்பதால் அப்பா வைத்த பெயர் டீச்சரம்மா. வார்த்தைகளுக்குப் பக்கத்தில் தமிழில் அர்த்தம் எழுதிக் கொடுத்தது அவள்தான்.

மழை பிடித்த மாதம் அது. கொடியில் போட்டது எதுவும் காயாமல் வீட்டுக்குள்ளேயே ஈரத் துணி தொங்கியது. அவள் உருளைக்கிழங்கு தோலை உரித்துக்கொண்டிருப்பாள், அவர் ஜன்னலோரம் நின்று பட்டியலைக் கை நீட்டி எட்டத்தில் பிடித்து அர்த்தத்தைப் படிப்பார், அவள் வார்த்தையைச் சொல்ல வேண்டும்.

“நாளுக்கு நாள் மோசமாகிறது.”

“டெடீரியரேட். என் எடது காலு.”

“விடாம, ஓயாம.”

“ரிலென்ட்லெஸ். இந்த மழ.”

“மனசில்லாம செய்யறது.”

“ரிலக்டன்ட். நீங்க காலைல எந்திரிக்கிறது.”

“ஏன், ஒனக்கு வேற ஆளே கெடைக்கலியா?”

“நானூறு வார்த்தைக்கு ஆளுக்கு எங்க போறது? வீட்ல இருக்கறவங்கள வச்சுத்தான் ஓட்டணும்.”

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இப்படியே படிம்மா. டெஸ்ட்ல அர்த்தம் எழுதச் சொன்னா அப்பா பேர எழுதிட்டு வரப்போற.”

“யாரு என்ன சொன்னாலும் நம்பிடற ஆளு” என்று அவர் அடுத்ததைப் படித்தார்.

அவள் கத்தியை நிறுத்தினாள். முந்தாநாளும் இதில்தான் நின்றது. நேற்றும் இதில்தான் நின்றது.

“கல்லிபிள்மா” என்றாள் மகள். “எத்தன தடவ சொல்றது?”

“இதுக்கு ஆளு கெடைக்கல. அதான் ஒட்டமாட்டேங்குது.”

“என்னையப் போட்டுக்க” என்றார் வேன்காரர். “பொண்ணு வாயே தெறக்காதுன்னாங்க. நம்பித்தானே கட்டினேன்.”

“நீங்க ஏற்கனவே ஏழு வார்த்தைக்கு இருக்கீங்க. கொழம்பிடும்.”

சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்பு வந்து நாளாகியிருந்தது. சிரித்து முடித்ததும் அவள் காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

வீட்டுப் படிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, கண் சொருகிவிடும். கம்பெனியில் நிற்கிற ஒன்பது மணி நேரம் வீணாகிறதே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. பட்டியலை அங்கே எடுத்துப்போக முடியாது. பேனாவும் முடியாது. மசி பட்டால் சட்டை போச்சு என்று செக்கிங் பகுதியில் பேனாவுக்கே தடை. யோசித்து யோசித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். செக்கர்கள் எல்லோரும் அம்புகளை வரிசையாக இடது மணிக்கட்டுக்கு மேல், வேலைக்குப் போட்டுக்கொள்கிற கோட்டின் கைமேல் ஒட்டிவைத்துக்கொள்வார்கள், எடுத்து ஒட்ட வசதி. மிஞ்சின அம்புகளை அவள் டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஓர் அம்புக்கு ஒரு வார்த்தை என்று நீல மசியில் எழுதி, காலையில் கிளம்பும்போது கோட்டுக் கைக்கு உள்ளே, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோலில் ஒட்டிக்கொண்டாள். நாலு சட்டைக்கு ஒரு தடவை கையை இழுத்துவிடுகிற மாதிரி ஒரு வார்த்தையைப் பார்ப்பாள். படிந்துவிட்ட வார்த்தை டிபன் மூடியின் உள்பக்கத்துக்குப் போகும். படியாதது மணிக்கட்டுப் பக்கம் இறங்கி வரும், அடிக்கடி கண்ணில் படட்டும் என்று.

இது தெரிந்த ஒரே ஆள் ஏழாம் டேபிள் குருவி. குருவிக்கு இருபத்து மூன்று வயது. வாய் ஓயாது, அதனால் குருவி. பேசிக்கொண்டே வேலை பார்த்ததற்கு ஒன்று, மேஸ்திரியிடம் எதிர்த்துப் பேசியதற்கு ஒன்று என்று ஏற்கனவே இரண்டு வார்னிங் வாங்கியிருந்தாள். மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவளுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது.

“அக்கா, இன்னிக்கு எத்தன முடிச்ச?”

“பதினொண்ணு.”

“நாற்காலில உக்காந்தப்பறம் எங்களயெல்லாம் மறந்துடுவ. கண்ணாடி வழியா ஒரு டாட்டாவாவது காட்டு.”

“கையில இருக்கற சட்டையப் பாரு மொதல்ல.”

“பாத்துட்டேதான் பேசறேன். வாய் வேற டிபார்ட்மென்ட்டு.”

டெஸ்டுக்கு ஒன்பது நாள் இருந்தது. வியாழக்கிழமை. காலையிலிருந்து கரண்ட் போய்ப் போய் வந்தது. ஃபேன் நின்ற கூடத்தில் ஈரத் துணி வாடையும் அயர்ன் ஆவியும் சேர்ந்து மூச்சு முட்டியது. வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது ஒரு வெள்ளைச் சட்டையின் கீழ் ஓரத்தில் தையல் விட்டிருந்ததைப் பார்த்தாள். பார்த்தது கண், ஒட்டியது கை. அதே நொடியில் இடது கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். பல்லைக் கடித்த சத்தம் அடுத்த மேஜைக்குக் கேட்டது.

“அக்கா, கால நீட்டு. என் கால்மேல வை. ம், அழுத்து. யாரும் பாக்கல” என்றாள் குருவி, தன் வேலையை நிறுத்தாமலே.

வலி விட்டதும் கண்ணைத் திறந்தாள். எதிரே சட்டை விரித்தபடி கிடந்தது. பதினான்கு வருஷத்துப் பழக்கத்தில் கை தானாக அதை மடித்தது, குறையில்லாத சட்டைகள் போகிற பாஸ் அடுக்கில் வைத்தது. கீழ் ஓரம் மடிப்புக்குள் போய்விட்டது. பேக்கிங்கில் இருக்கிறவர்கள் மடித்ததைப் பிரிக்கமாட்டார்கள், பையில் போட்டுப் பெட்டியில் அடுக்குவார்கள். சாயங்காலம் கையைக் கழுவும்போது ஒரு வார்த்தை குறைவதைக் கவனித்தாள். மணிக்கட்டில், கோட்டுக் கைக்கு வெளியே எட்டிப் பார்த்தபடி கடைசியாக இருந்தது. தண்ணீரில் போயிருக்கும் என்று நினைத்து, வீட்டுக்குப் போய் அதை வேறோர் அம்பில் எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பையரின் ஆள் வந்தார். கழுத்தில் டை கட்டிய, வெயிலில் சிவந்துபோகிற ஜாதி மனுஷர். நூற்றுத் தொண்ணூறு பெட்டியில் எட்டைப் பொறுக்கிப் பிரிக்கச் சொன்னார். மூன்றாவது பெட்டியில் நாலாவது சட்டையை உதறினதும் கீழ் ஓரத்தில் சிவப்பாக அம்பு தெரிந்தது. அம்பை மறந்து விடுவது குற்றம்தான், ஆனால் உலகத்தில் நடக்கிறதுதான். இதில் நீல மசியில் எழுத்து இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கல்லிபிள். சட்டையை வாங்குகிறவன் ஏமாளி என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் அவருக்குப் பட்டது. அவர் கத்தவில்லை. அமைதியாகப் பேனாவை மூடினார். அத்தனை பெட்டியையும் பிரித்து ஒவ்வொரு சட்டையாக மறுபடி பார்க்க வேண்டும், செய்தது யார் என்று எழுத்து மூலம் தனக்கு விளக்கம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு டீயைக்கூடக் குடிக்காமல் போனார்.

பெட்டி முத்திரையை வைத்துப் பார்த்ததில் அது ஐந்திலிருந்து பன்னிரண்டு வரைக்குமான டேபிள்களில் வந்த சட்டை. எட்டுப் பெண்களையும் ஃப்ளோர் மேனேஜர் வரிசையாக நிற்கவைத்தார். ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா. சட்டையைச் சுவரில் மாட்டினார்.

“இதுல என்ன எழுதியிருக்கோ, பாத்து அப்படியே எழுதுங்க. கையெழுத்து காட்டிக் கொடுத்துடும்.”

மணிக்கட்டில் குறைந்த வார்த்தை சுவரில் தொங்கியது, அவள் எழுத்திலேயே. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்கு அப்பால் அந்த நீல நாற்காலி தெரிந்தது. அவள் குனிந்து, பெரிய எழுத்தில், கட்டம் கட்டமாக எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் எழுத்து மாதிரியே இல்லை. செய்தது ஈனம் என்று எழுதும்போதே தெரிந்தது. தெரிந்தேதான் எழுதினாள்.

மற்றவர்கள் ஏதோ எழுதினார்கள். குருவிக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரியாதவள் என்ன செய்வாள்? கோலிக்குண்டு மாதிரி கண்ணை உருட்டி அம்பைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், ஒவ்வொரு வளைவாக, ஒவ்வொரு வாலாக, படம் வரைகிற மாதிரி வரைந்து கொடுத்தாள். மேனேஜர் எட்டுத் தாளையும் சட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏழு தாள் ஏழு விதமாக இருந்தது. குருவியின் தாள் மட்டும் அம்பில் இருந்ததன் கூடப்பிறந்தது மாதிரி இருந்தது.

“எனக்கு எழுதவே தெரியாது சார்!”

“தெரியாமத்தான் இவ்ளோ அச்சடிச்ச மாதிரி எழுதியிருக்கியா?”

“நீங்கதானே சார் அப்படியே எழுதச் சொன்னீங்க?”

அதற்கும் எதிர்த்துப் பேசுகிறாள் என்று அவள் பெயருக்கு எதிரே ஒரு கோடு விழுந்தது. வெள்ளிக்கிழமை கடிதம் கொடுத்து அனுப்பிவிடுவதாக முடிவானது. அதுவரை பெட்டி பிரிக்க ஆள் வேண்டுமே, இருக்கட்டும் என்றார்கள்.

செவ்வாயும் புதனும் நாற்பது பெண்களும் தினம் இரண்டு மணி நேரம் கூடுதலாக நின்றார்கள். பையைப் பிரி, சட்டையை உதறு, பார், மடி, பையில் போடு. யாரோ ஒருத்தி செய்த குறும்புக்கு எல்லோர் காலும் வீங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு மாறி மாறி நின்றார்கள். பிரட்டையும் முட்டையையும் நின்றபடியே தின்றார்கள். குருவி வாயைத் திறக்கவில்லை. குருவி திட்டியிருந்தால்கூட ஆறாம் டேபிள்காரிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் பட்டியலை அவர் கையில் எடுத்ததும் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் பட்டியலை மடித்து ஜன்னலில் வைத்தார்.

“இது யாருக்காவது தெரியுமா?”

“குருவிக்குத் தெரியும்.”

“அவ சொல்லிட்டாளா?”

“சொல்லல.”

“அப்போ நீ ஏன் சொல்ற? சனிக்கிழம வரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு. டெஸ்ட் முடியட்டும். அப்பறம் பாத்துக்கலாம்.”

“வெள்ளிக்கிழம அவள அனுப்பிடறாங்க.”

“சின்னப் பொண்ணு. வேற எடம் கெடைக்கும் அவளுக்கு. ஒனக்கு வேற காலு கெடைக்குமா?”

அவர் கெட்டவர் இல்லை. இரண்டு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் அந்தக் காலுக்குத் துணி சுற்றிவிடுகிறவர் அவர்தான்.

“நான் தப்பா சொல்லலியே?” என்றார், துணியைக் கையில் எடுத்துக்கொண்டே.

“இல்ல.”

“அப்பறம் ஏன் மொகத்த அப்படி வச்சுக்கற?”

“வேற மொகம் இல்லீங்க.”

மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். திருத்துவதற்கு அவளுக்கும் அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எழுந்து வந்து அம்மாவின் இடது கையைப் பிடித்து, மிச்சமிருந்த அம்புகளை ஒவ்வொன்றாக உரித்து எடுத்தாள். உரித்த இடமெல்லாம் சிவந்திருந்தது.

வியாழக்கிழமை டீ இடைவேளையில் அவள் குருவியைப் பெட்டி அடுக்குக்குப் பின்னால் இழுத்துப்போனாள். மழை தகரக் கூரையில் கொட்டியது. கிட்டத்தில் நின்றே பேச வேண்டியிருந்தது.

“ஏண்டி சொல்லல?”

“என்னத்த?”

“வேண்டாம் குருவி. என்னத்தன்னு ஒனக்குத் தெரியும்.”

குருவி டீயை ஊதினாள். “சொன்னா என்ன ஆகும்? ஒன்னையும் அனுப்புவான். எனக்கு ஏற்கனவே ரெண்டு இருக்கு, இன்னிக்கு இல்லாட்டி அடுத்த மாசம் மூணாவது வந்துடும், என் வாய்க்கு. ஒனக்கு அப்படியா? ஒரு காலு போயிட்டிருக்கு. எனக்கு ரெண்டும் நல்லாருக்கு, எங்கயாவது போய் நிப்பேன்.”

“நான் பெரிய எழுத்துல மாத்தி எழுதினேன். தெரிஞ்சுதான் எழுதினேன்.”

“தெரியும். பாத்தேன்.”

“பாத்துமா?”

“நீ டெஸ்ட் எழுதற வரைக்கும் தாங்கட்டும்னுதான் சும்மா இருந்தேன். நீதான் அன்னிக்கே சொன்னியே, நாற்காலி கெடைச்சதும் சார்கிட்ட பேசி எங்களுக்கும் ஆளுக்கொரு ஸ்டூல் வாங்கித் தரேன்னு.”

அப்படி ஒன்று சொன்னது அவளுக்கு ஞாபகமே இல்லை. ஏதோ பேச்சுக்குச் சொல்லியிருப்பாள். ரிப்போர்ட் எழுதுகிறவள் கேட்டால் ஸ்டூல் கொடுக்கிற கம்பெனியா அது? சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

“அத நம்பினியாடி?”

“நீ சொன்னா நம்பாம?” குருவி காலி டம்ளரைக் கவிழ்த்தாள். “ஆமா, கேக்கணும்னே இருந்தேன். அந்த அம்புல இருந்துச்சே, அந்த வார்த்த. வளச்சு வளச்சு வரஞ்சேன். அதுக்கு என்னக்கா அர்த்தம்?”

பத்து நாளாக ஆள் கிடைக்காமல் அலைந்த வார்த்தை. “ஒண்ணுமில்லடி” என்றாள். “நல்ல மனுஷின்னு அர்த்தம்.”

“அதுக்கா அந்தாளு அவ்ளோ கோவப்பட்டான்?” என்றாள் குருவி. அதையும் நம்பிவிட்டாள்.

அவள் கோட்டுக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், நாக்கு குழறாமல் தமிழில் எல்லாவற்றையும் சொன்னாள். பேனா, அம்பு, வியாழக்கிழமை, காலில் பிடித்த வலி, பெரிய எழுத்து. அவர் நடுவில் குறுக்கிடவில்லை. கேட்டு முடித்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அவரும் நாலு நாளாகச் சரியாகத் தூங்கியவர் மாதிரி இல்லை.

“ஏம்மா, சும்மா இருந்திருந்தா நாளான்னிக்கு டெஸ்ட் எழுதியிருப்பீங்களே.”

“ஆமா சார்.”

“இத வாயால சொன்னா பத்தாது. பையருக்கு அனுப்பணும், இங்கிலீஷ்ல எழுதிக் கொடுக்கணும். எழுதிக் கொடுத்தா ஒங்க மேல வார்னிங் வரும். வார்னிங் இருக்கறவங்க பேரு டெஸ்ட் லிஸ்ட்ல இருக்காது. அடுத்து எப்ப எடம் காலியாகும்னு எனக்கே தெரியாது. யோசிச்சுக்குங்க.”

“குருவிய அனுப்பமாட்டீங்கல்ல?”

“எழுதினது அவ இல்லன்னா எதுக்கு அனுப்பறேன்? அவ வாய்க்கு வேற நாள் இருக்கு.”

“எழுதறேன் சார்.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் மேஜை முழுக்கச் சட்டையும் ஃபைலும் குவிந்திருந்தது. கதவுக்கு வெளியே கையைக் காட்டினார். “அதோ, அங்க உக்காந்து எழுதுங்க.”

அவர் காட்டியது நீல மெத்தை போட்ட நாற்காலியை.

அவள் கிட்டப் போய் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள். மெத்தை அவளை வாங்கிக்கொண்டு கொஞ்சம் இறங்கியது, சக்கரம் அரை அடி நகர்ந்தது. கைகளைத் தாங்கியின் மேல் வைத்தாள். இடது காலை நீட்டி, கீழே இருந்த குப்பைக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் தூக்கி வைத்தாள். காலிலிருந்து வலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போவது நன்றாகத் தெரிந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாற்பது பெண்களும் சட்டையை உதறிக்கொண்டு நின்றார்கள். குருவி கையில் ஒரு சட்டையைப் பிடித்தபடி வாய் பிளந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் லேசாகக் கையை அசைத்தாள். குருவி பதிலுக்குச் சட்டையை ஆட்டினாள்.

தாளை இழுத்து எழுத ஆரம்பித்தாள். பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. வார்த்தைகள் கேட்டதும் வந்தன. மணிக்கட்டிலிருந்து டிபன் மூடிக்குப் போனவை எல்லாம் வந்தன. அம்பு சட்டையில் போனது இன்அட்வர்ட்டென்ட், தெரியாமல் நடந்தது. கையெழுத்தை மாற்றி எழுதியதற்கு அந்த வார்த்தை பொருந்தாது. அதற்கு வேறொன்று இருந்தது. டெலிபரேட். வேண்டுமென்றே செய்தது. அதையும் அப்படியே எழுதினாள். ஏழாம் டேபிளுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எழுதினாள். கடைசியாக, அந்த அம்பில் இருந்த வார்த்தை யாரையும் குறிப்பதல்ல, படிப்பதற்காக எழுதி வைத்தது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் எட்டு வாக்கியம். டெஸ்டில் கேட்டிருந்தால் முழு மார்க் கிடைத்திருக்கும்.

பேனாவை மூடி வைத்தாள். கடிதத்தை இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“எழுதியாச்சாம்மா?” என்று உள்ளே இருந்து மேனேஜர் கேட்டார்.

அவள் பேனாவைத் திறந்து தாளுக்கு மேல் குனிந்துகொண்டாள்.

“இன்னும் ஒரு வாக்கியம் இருக்கு சார்.”